ஐந்து கால் பங்கும் ஒரு மிருதங்கமும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கண் திறந்தபடியே இருக்கும், ஆள் மட்டும் எங்கேயோ போயிருப்பேன். பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து பன்விலைக்கு இன்னொரு பஸ் என்று தினமும் மலை ஏறி இறங்குகிறவளுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். வளைவுக்கு வளைவு மூடுபனி வந்து யன்னலோரம் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தேயிலை மலை தெரியும், மறையும், பிறகு நினைக்காத பக்கத்தில் தெரியும். நான் அதன் பின்னாலேயே போய்விடுவேன். இரண்டு தடவை பாடசாலையைத் தாண்டிப்போய் நடந்து திரும்பியிருக்கிறேன். (கொண்டக்டர் கூப்பிட்டாராம். கேட்டால்தானே!)

அப்போது நான் கணித ஆசிரியையாகச் சேர்ந்து மூன்றாவது வருடம். அந்த வருடக் கடைசியில் என் நியமனம் நிரந்தரமாக வேண்டும். அதற்கு, பாடத்தைப் பார்வையிட வருகிற ஆலோசகரின் அறிக்கை நல்லபடி அமைய வேண்டும். வீட்டில் என் கணவர் காலை வணக்கத்துக்குப் பதிலாக "அறிக்கை என்னாச்சு?" என்றுதான் கேட்பார்.

ஒரு மழை நாளில் பாடசாலை அதிபர் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்.

"இந்த வருஷம் நீங்க புதுசா என்னா கத்துக்கப் போறீங்கன்னு மூணு இலக்கு எழுதுங்க. மணி அடிக்கிறதுக்குள்ள எனக்கு வந்துறணும்."

இந்தப் படிவத்துக்கு எங்கள் ஓய்வறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் யோசிப்பார், மற்றவர்கள் பார்த்து எழுதுவோம். (பிள்ளைகள் பார்த்து எழுதினால் குற்றம். நாங்கள் எழுதினால் ஒத்துழைப்பு.) வெளியே மழை விட்டு, மலையடிவாரத்திலிருந்து பனி புகை மாதிரி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. என்ன அழகு! அதைப் பார்த்தபடியே பக்கத்தில் யாரோ எழுதி வைத்திருந்த தாளை இழுத்து, அதில் இருந்ததை அப்படியே என் படிவத்தில் முத்து முத்தான எழுத்தில் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தாள் எங்கள் சங்கீத டீச்சர் ராணி அக்காவுடையது.

இரண்டு கிழமை கழித்து ஆலோசகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரொம்ப மென்மையாகப் பேசுகிறவர். என் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் பளபளக்க என்னைப் பார்த்தார்.

"டீச்சர், எத்தினை வருசமா இந்த வேலை செய்யிறன். கணக்கு டீச்சர் ஒராள் மிருதங்கம் பழகப்போறன் எண்டு எழுதி இப்பதான் காணுறன். பின்னம் படிப்பிக்கத்தானே?"

அந்த நிமிடமே "சேர், பார்த்து எழுதிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அறிக்கை! நிரந்தரம்! வாய் தானாகவே, "ஆமா சேர், பின்னத்துக்குத்தான்" என்றது.

"மூண்டாவது இலக்கில மற்ற ஆசிரியர்களுக்குச் செய்து காட்டுவன் எண்டும் எழுதியிருக்கிறியள். வாற மாசம் பல்லேகலவில பயிற்சி வகுப்பு இருக்கு. நாப்பது பேர் வருவினம். நீங்கள்தான் முதல்."

விஷயத்தைக் கேட்டு ராணி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, பாடசாலை மிருதங்கத்தை என் மடியில் தூக்கி வைத்தார்.

"நாலே சொல்லு புள்ள. த, க, தி, மி. ஒண்ணொண்ணும் கால் பங்கு. நாலும் சேந்தா ஒரு முழுசு. இது கூடவா வராது?"

வரவில்லை. 'தி'க்கு வரும்போதே எனக்கு ஒரு மலை தெரிந்துவிடும். 'மி' அந்தரத்தில் நிற்கும். மிருதங்கத்தைத் துணியில் சுற்றி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு அம்மா எழும்பி இடம் கொடுத்து, "எந்தக் கோயில்ல திருவிழா?" என்று கேட்டார். வீட்டில் நான் தட்டத் தொடங்கியதும் என் கணவர் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவார். அந்த மாதம் எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் தட்டுப்பாடே இல்லை.

அந்த நாள் வந்தது. பெரிய மண்டபம், பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னல். தூரத்து மலைகளில் மேகம் ஆடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது. அப்போதே நான் யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்க வேண்டும்.

"ஒவ்வொரு வரிசையும் ஒரு கால் பங்கு. நான் கையைக் காட்டினதும் ஒரு தரம் கை தட்டுங்க" என்றேன். த, முதல் வரிசை. க, இரண்டாவது. அவர்கள் ஒற்றுமையாகத் தட்டத் தட்ட மண்டபமே மெதுவாக மூச்சு விடுவது போல இருந்தது. எனக்கோ ஆனந்தம்! பயம் எல்லாம் போய்விட்டது. மலையும் மேகமும் நானும் மிருதங்கமுமாக எங்கேயோ மிதந்துகொண்டிருந்தோம். வரிசை வரிசையாகக் கை காட்டிக்கொண்டே போனேன். மிதந்தபடியே கரும்பலகையில் கால், கால் என்று எழுதிக் கூட்டி, "ஆக, இதுதான் ஒரு முழுசு" என்று கோடும் போட்டேன்.

பின்னாலிருந்து ஒரு டீச்சர் கையை உயர்த்தினார்.

"மிஸ், நாங்க அஞ்சாவது வரிசை. நாங்க எவ்வளவு பங்கு?"

"நீங்களும் கால் பங்குதாங்க" என்றேன், கருணையோடு.

ஆலோசகர் மெல்ல எழும்பினார். "அப்ப ஒரு முழுசுக்குள்ள அஞ்சு கால் பங்கோ, டீச்சர்?"

திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன். ஐயோ! ஐந்து கால் பங்குகள் வரிசையாக நின்றன, ஐந்தும் என் கையெழுத்தில். நாற்பது ஆசிரியர்களுக்கு முன்னால் ஒரு கணித ஆசிரியை! மேகம், மலை எல்லாம் என்னைக் கைவிட்டுப் போய்விட்டன.

வெண்கட்டியைக் கீழே வைத்தேன். "சேர், அந்த இலக்கு என்னோடது இல்ல. சங்கீத டீச்சர்கிட்ட பாத்து எழுதினது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் அவரவர் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். (ஏன் என்று எனக்கு விளங்கியது. ஓய்வறைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.)

ஆலோசகர் வெறும் படிவம் ஒன்றை நீட்டினார். "இப்ப உங்கட இலக்கை எழுதுங்கோ. ஒண்டு போதும்."

நீண்ட நேரம் யோசித்தேன். இந்தத் தடவை எங்கேயும் போகாமல் யோசித்தேன். பிறகு எழுதினேன்: 'ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் பின்னம் விளங்குவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அதைக் கற்க வேண்டும்.' மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம் அது.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். நியமனத்தை நிரந்தரமாக்க முடியாது, ஆறு மாதம் தள்ளிப்போடுகிறேன் என்றார். கையெழுத்து வைத்துவிட்டு, "இனி ஒவ்வொரு மாசமும் வருவன். இரண்டு பேருமாச் சேர்ந்து பாப்பம்" என்றார். சொன்னபடியே வந்தார். கடைசி வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, விளங்காத பிள்ளையாகவே மாறி என்னைக் கேள்வி கேட்டுக் கொன்றார். ஆறு மாதம் கழித்து நிரந்தரக் கடிதம் வந்தபோது ஏழாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் பின்னம் வந்திருந்தது. எனக்கும் வந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கதை எனக்கு முன்னாலேயே கண்டி முழுக்கப் போய்விட்டது. இப்போதும் பஸ் நிலையத்தில் முகம் தெரியாத ஆசிரியர்கள், "அஞ்சு பங்கு டீச்சர்தானே?" என்று விசாரிக்கிறார்கள். வீட்டில் கேக் வெட்டினால் என் மகள் நாலாக வெட்டிவிட்டுக் கத்தியோடு என்னைப் பார்த்து நிற்பாள். "அம்மா, அஞ்சாவது கால் பங்கை எங்கேருந்து வெட்டுறது?" என் கணவர் தன் துண்டைக் கையால் மூடிக்கொள்வார்.