ஹேண்ட்பால் திடலில் நான் படுத்த விவரம்

மார்செய் நகரில் மச்சானோடும் பேரப்பிள்ளைகளோடும் சுகமாக இருக்கும் என் அக்கா மன்னூபியாவுக்கு, ஊரிலிருந்து தம்பி ஷாத்லி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஸகியாவும் நலம். இந்த வருடம் ஆலிவ் நன்றாகக் காய்த்திருக்கிறது, ஸகியா உனக்காக ஹரிஸா மிளகாய் விழுது அரைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். மச்சானின் முழங்கால் வலிக்கு அல்லாஹ் சீக்கிரம் சுகம் தரட்டும்.

நிற்க. நேற்று நீ போனில் கத்தியதெல்லாம் என் காதில் நன்றாகவே விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. "இந்த வயசில புல்டோசர் முன்னால போய்ப் படுத்தியாமே, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா" என்று கேட்டாய். படுத்தது உண்மை. புத்தி பேதலிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எண்ணெய்ச் செக்காலைக்குப் பின்னால் இருக்கும் ஹேண்ட்பால் திடல் உனக்குத் தெரியும். அங்கே ஆடும் பெண்கள் கழகத்துக்கு நான் தலைவரானதும் உனக்குத் தெரியும், ஏன் ஆனேன் என்பதுதான் தெரியாது. ஹேண்ட்பாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் நல்ல விசில் ஒன்று இருந்தது. கழகத்தில் விசில் இல்லை. ஆகவே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடுகிறவர்கள் எல்லாம் தையல் ஆலையில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிற பெண்கள். மாலையில் திடலுக்கு வந்து நிமிர்ந்து ஓடுவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களை யாரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று அதட்டுவதில்லை, நான் விசில் ஊதினால்கூட யாரும் சட்டை செய்வதில்லை. நிலம் நகராட்சியினுடையது. கழகத்திடம் அதற்கு வாய்ச்சொல் தவிர வேறெதுவும் கிடையாது.

திடலை ஒட்டி ஹாஜி துஹாமியின் கல்யாண மண்டபம் இருக்கிறது. மண்டபம் பெரியது, கார் நிறுத்த இடம்தான் இல்லை. இடம் காட்டாவிட்டால் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நகராட்சி சொன்ன நாளிலிருந்து ஹாஜியாருக்குத் திடீரென்று ஹேண்ட்பால் மேல் பிரியம் பிறந்துவிட்டது. புது வலை வந்தது, பந்துகள் வந்தன, வெளியூர்ப் போட்டிக்குப் பேருந்து வந்தது. நாங்களும் மகிழ்ந்து, அவரைக் கழகத்தின் கௌரவத் தலைவராக்கினோம். பிறகு சட்டைகள் வந்தன. முன்பக்கம் மண்டபத்தின் படம், பின்பக்கம் எண்ணுக்குப் பதிலாக "குளிர்சாதன வசதி உண்டு" என்று கொட்டை எழுத்து. அதைப் போட்டுக்கொண்டு சூஸ் நகரத்தில் ஆடப் போனோம் அக்கா, மானம் போயிற்று. நம் பெண்கள் பந்தோடு ஓடும்போதெல்லாம் அந்த ஊர்க்கூட்டம் கல்யாணக் குலவை போட்டது. நம் கோல்கீப்பர் எம்னாவைப் பார்த்து எதிரணிக்காரி, "மாப்பிள்ளை எங்கடி, இன்னும் வரலையா?" என்று கேட்டாள். எம்னா சிரித்ததில் கவனம் சிதறி ஒரு கோல் போயிற்று, கோபப்பட்டதில் இன்னும் இரண்டு போயின. பேருந்தில் ஏறியதும் சட்டையைக் கழற்றி என் மடியில் எறிந்து, மேலே கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"தலைவரே, இனிமே இதைப் போட மாட்டேன். நாங்க ஆட வர்றோமா, கல்யாணத்துக்கு ஆள் பிடிக்க வர்றோமா?"

"ஹாஜியார் மனசு நோகுமேம்மா."

"அப்ப நீங்க போட்டுக்கிட்டு கோல்ல நில்லுங்க."

நான் சட்டையை மடித்துக்கொண்டே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஹாஜியார் எங்களை மண்டபத்துக்கு அழைத்து, பைன் கொட்டை மிதக்கும் தேநீரும் மக்ரூத்தும் கொடுத்து உபசரித்தார். இரண்டாவது மக்ரூத்தை நான் வாயில் போட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னார். கழகம் இனி மண்டபத்தின் கிளையாகும், பெயர் "துஹாமி ஆனந்தக் கழகம்". திடல் ஊருக்கு வெளியே, "காற்றோட்டமான இடத்துக்கு" மாறும். நகராட்சியில் துணை மேயரின் கையெழுத்தும் ஆகிவிட்டது. வாய் நிறைய இனிப்பு இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை, அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். காற்றோட்டமான இடம் எது தெரியுமா? உப்பளத்துக்கு அந்தப் பக்கம்! போய்ப் பார்த்தோம். பந்து தரையில் பட்டால் எழும்பவில்லை, பட்ட இடத்திலேயே புதைந்தது. எங்கள் பயிற்சியாளர் லசாத், பேக்கரி வைத்திருக்கிறானே அவன்தான், ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்தபோது செருப்பு வரவில்லை. பூநாரைகள் கூட்டமாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. "இதுங்க கால் நீளம், இதுங்க ஆடலாம். நாம எப்படி ஆடுறது?" என்றான் லசாத். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒழுங்கான திடல் இல்லாத அணியைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள், ஆலை விட்டால் வீடு, வீடு விட்டால் ஆலை என்று ஆகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.  

சரி, புல்டோசருக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை, வழக்கம்போலக் கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு திடலுக்குப் போனேன். பாதிக் கோடு போட்டிருப்பேன், வாளியைத் தூக்கக் குனிந்தேன். இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. புல்டோசர். ஓட்டுநர் கைரவான் பக்கத்து ஆள், ரொம்ப மரியாதையானவர். இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"முடியாது" என்றேன்.

"நான் வேலையைப் பார்க்கணும், பெரியவரே. தயவுபண்ணி எந்திரிங்க."

"முடியாதுன்னு சொல்றேன்ல!"

அக்கா, என் இடுப்பு முடியாது என்றது, அதைத்தான் நான் சொன்னேன். அவர் வேறு மாதிரி கேட்டுக்கொண்டார். கண் கலங்கி என் நெற்றியில் முத்தமிட்டு, புல்டோசரின் எஞ்சினை நிறுத்திவிட்டு முதலாளிக்குப் போன் பண்ணப் போனார். சனிக்கிழமை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். "தலைவர் முடியாதுன்னுட்டாரு!" என்று எம்னா போட்ட கூச்சலில் செக்காலையே நின்றுபோனது. அடுத்த நிமிடம் அவள் என் வலப்பக்கம் படுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு லசாத், கையெல்லாம் மாவோடு. கோடு போட்ட மாதிரி வரிசையாகப் படுத்துவிட்டார்கள். ஸகியா தலையணையோடு ஓடிவந்து என் காதருகே குனிந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இடுப்பா?"

"இடுப்புதான்."

"வாயை மூடிக்கிட்டு அப்படியே படுத்துக் கிடங்க."

முப்பது வருடங்களுக்கு மேல் என்னை எழுப்பி வேலைக்கு விரட்டியவள் முதன்முறையாகப் படுத்துக் கிடக்கச் சொன்னாள்.

ஹாஜியார் வந்தார். ஊரே போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறது என்று கண்டதும் எனக்குக் குடை பிடித்தார். "ஷாத்லி, என்னப்பா இது? உனக்கு என்ன வேணும், கேளு, செய்யுறேன்."

"யாராவது என்னைத் தூக்கிவிட்டாப் போதும்" என்று முனகினேன்.

"கழகத்தைத் தூக்கிவிடணுமாம்!" என்று எம்னா ஊருக்கெல்லாம் கேட்கக் கத்தினாள். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கே பயமாகிவிட்டது.

அப்படியே மாலையாயிற்று. அன்று மண்டபத்தில் ஒரு கல்யாணம். ஹார்ன் அடித்துக்கொண்டு கார் ஊர்வலம் வந்து, புல்டோசரைத் தாண்ட முடியாமல் தெருவில் நின்றது. முதல் காரிலிருந்து மணப்பெண்ணே இறங்கினாள். யாரென்று பார்த்தால் நம் ரஹ்மா, ஒரு காலத்தில் இடது ஓரத்தில் பறந்து ஆடியவள். பட்டும் தங்கச் சரிகையுமாக, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே திடலுக்கு வந்தாள்.

"ஹாஜியார், இந்தக் கோல் கம்பத்தையா பிடுங்கப் போறீங்க? நான் ஆடின இடம் இது!"

"அம்மா, உன் விருந்தாளிங்க கார் நிறுத்தத்தாம்மா..."

"என் விருந்தாளிங்க நடந்து வருவாங்க. இல்லைன்னா கல்யாணம் இங்கேயே நடக்கும்."

சொன்னபடி கோல் கம்பங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வேறு வழியில்லை, பக்கத்தில் உட்கார்ந்தான். மேளக்காரர்கள் வந்தார்கள், சாப்பாடு வந்தது. படுத்திருந்த எனக்கு ஸகியா ஆட்டிறைச்சி கூஸ்கூஸை ஊட்டிவிட்டாள். விருந்துக்கு வந்த மேயரம்மா நல்ல பட்டுடுத்தி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அத்தனை போன்களும் அவர் பக்கம் திரும்பின. "துணை மேயர் போட்ட கையெழுத்து செல்லாது. திடல் கழகத்துக்கே. அடுத்த வாரக் கடைசிக்குள்ள மன்றத்தில தீர்மானம் போடுவோம்" என்றார். பெண்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வெற்றி ஊர்வலம் என்று ஊர் நினைத்தது. ஊர்வலம் மருத்துவமனையில் முடிந்தது.

சொன்னபடி மன்றம் தீர்மானம் போட்டது. திடல் கழகத்தின் பெயருக்கே நீண்ட காலக் குத்தகை. கழகக் கூட்டத்தில் ஹாஜியாரின் கௌரவப் பதவியை நீக்கினோம், சட்டைகளைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தோம். பெண்கள் தாங்களே துணி வாங்கி ஆலை மிஷினிலேயே நீலச் சட்டை தைத்துக்கொண்டார்கள். அதில் யார் பெயரும் இல்லை. புதுச் சட்டையில் எம்னா கோலில் நின்றதைப் பார்த்தபோது நான் விசில் ஊதவே மறந்துவிட்டேன். யாருக்கும் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை அக்கா. நம் குடும்பத்தில் பிறந்தவன் தலை நிமிர்ந்துதான் நிற்கிறான், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு. இனிமேல் நீ ஊரிலிருந்து உனக்குக் கோள் சொல்லும் வசீலாவின் பேச்சைக் கேட்டு என்னைத் திட்டாதே.

மச்சானுக்கு என் சலாம். பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பில் முத்தமிடு. உன் அடுப்பும் வாசலும் என்றும் குளிராமல் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும்.

அன்புத் தம்பி,
ஷாத்லி

பின்குறிப்பு: கூட்டம் முடிந்தபோது ஹாஜியார் அழாத குறையாக, "கழகம் நல்லா இருக்கட்டும். என் மண்டபத்துக் காரெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். திடலுக்கு அந்தப் பக்கம், மதில் வைத்து, பூட்டிக் கிடக்கும் இடம் ஒன்றுதான் இருக்கிறது. அப்பா உனக்கு எழுதிவைத்த தோட்டம். சாவி என்னிடம் இருந்ததா, கொடுத்துவிட்டேன். எலுமிச்சை மரங்களில் ஓரத்தில் இருப்பவை இன்னும் நிற்கின்றன. கோடையில் நீ வரும்போது வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், ராத்திரியிலும் விளக்கு எரியும். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமைகளில் மட்டும் வராதே, உன் காரை நிறுத்த இடம் கிடைக்காது.