எங்கள் வைஸும் அமெரிக்க வைஸும்

துணைத் தலைவராக இருப்பதற்கென்றே பிறந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் செத்துப்போனார். இன்னொருவர் கேரளத்து உதியன்குளங்கரையில் வாழைக்குலை விற்கிறார்.

எங்கள் தமிழ் வாசகசாலைக்கு அவர் பதினெட்டு வருடமாக வைஸ் பிரசிடென்ட். அதனால் ஊருக்கே ‘வைஸ்’. குலைக்கு விலை கேட்டால்கூட, அடிமைகளை விடுவித்த அமெரிக்க ஜனாதிபதியின் முதல் வைஸைப் பற்றிச் சொன்ன பிறகுதான் விலையைச் சொல்வார்.

“ரெண்டாம் தடவை அவரைக் கழட்டிவிட்டு வேற ஒருத்தனை வைஸ் ஆக்கினானுவ. ஆறே வாரம், மக்கா! ஜனாதிபதியைச் சுட்டுட்டானுவ. புதுசா வந்தவன் ஜனாதிபதி ஆயிட்டான்.”

“அந்த முதல் வைஸுக்க பேரு என்ன அண்ணே?”

“வைஸுக்க பேரை எவம்லே ஓர்மை வெச்சான்?”

எங்கள் ஆண்டறிக்கையிலும் ‘துணைத் தலைவரும் வந்திருந்தார்’ என்றுதான் இருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் என்பதால் செயலாளராக்கப்பட்ட நானும் அதையே பார்த்து எழுதினேன்.

ஒருமுறையாவது தலைமை வகிக்க வேண்டும் என்பது வைஸின் ஆசை. தலைவரோ காய்ச்சலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து தலைமை வகிப்பவர். போன ஆண்டுவிழா அன்று காலையில் அவர் திருவனந்தபுரத்திலிருந்து போன் செய்தார். மகளுக்குப் பிரசவம், வர முடியாது.

வைஸ் பாறசாலைக்கு ஓடிப்போய்ப் புது வேட்டி வாங்கி உடுத்து வந்தார். தலைவர் நாற்காலியை இரண்டு முறை துடைத்தார். உட்காரப் போகும்போது, சமையல்காரர் வரமாட்டார் என்று தகவல் வந்தது. நூறு பேர் சாப்பாடு.

“கடையில சொல்லிரலாம் அண்ணே,” என்றேன்.

வைஸ் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எலே, சண்டை நேரத்தில அந்த மனுசன் வைஸா இருக்கும்போதே பட்டாளத்துக்குச் சோறு பொங்கினவராக்கும்,” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

காலி நாற்காலியோடு கூட்டம் தொடங்கியது. பேசியவர்கள் எல்லாரும் அடுக்களைப் பக்கம் திரும்பி, “தலைவர் அவர்களே!” என்றார்கள்.

“கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், பேசும்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நீட்டி முழக்கியவருக்கு, “போதும் ஓய், பருப்பு வெந்தாச்சு!”

சாயங்காலம் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து ‘தலைமை’ என்று எழுதினேன். வைஸ் எட்டிப் பார்த்தார்.

“வெட்டு மக்கா. நான் கசேரையில இருக்கவே இல்லல்லா.”

“முழுப் பேரைச் சொல்லுங்க அண்ணே.”

வேட்டியெல்லாம் மஞ்சள் கறையாக நின்றவர், இனிஷியலோடு மெதுவாகச் சொன்னார். பிழை வந்துவிடக் கூடாதென்று, எழுதியதை அவருக்கே இரண்டு முறை படித்துக் காட்டினேன்.