என் எழுத்தில் ஒரு ஃப்ளெக்ஸ்

கம்ப்யூட்டரில் ஃபான்ட் (எழுத்துரு) செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்து எழுத்தாகப் பார்ப்பார்கள்; என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படிக்கமாட்டார்கள். என் தங்கச்சி ஷீலா கல்யாணத்தில் நான் அடித்த கூத்துக்கு இந்த வியாதிதான் காரணம். (திமிரையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அப்போது ஐ.டி. வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஃபான்ட் மென்பொருளே கதி என்று கிடப்பேன். 'ழ'வின் வாலை வளைப்பதும் நிமிர்த்துவதுமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகூடத் தப்பிப்போகும். "பொழப்பில்லாதவன்" என்று வீடே திட்டும். ஷீலா மட்டும், "எங்க அண்ணன் எழுத்தே செய்யுது, தெரியுமா?" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். மண்டப வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸ் என் எழுத்தில்தான் இருக்கணும் என்று அடம்பிடித்தாள். கல்யாணத்துக்கு அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஃபான்ட்டுக்குள் ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட எழுத்துகள் வரிசையாக வந்தால், அதற்குப் பதில் வேறொரு வடிவத்தைக் காட்டு என்று சொல்லிவைக்கலாம். ஆபீஸ் நண்பனுக்கு நிச்சயமானபோது அவனைக் கலாய்ப்பதற்காக, 'மாப்பிள்ளை' என்று தட்டினால் ஓர் ஆடு வருகிற மாதிரி வைத்திருந்தேன். (பலியாடாம். எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன், பாவி.) அதை எடுக்க மறந்துபோனேன்.

ஆவடி ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் ஃபான்ட்டில் அடித்து, மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, போனும் பண்ணினார்.

"சோக்கா கீது சார், படம்லாம் போட்டு கலக்கிட்டீங்க. பிரிண்ட் போட்டுறவா?"

நான் 'மகிழ்ச்சியுடன்' என்பதில் இருந்த 'ழ'வைப் பெரிதாக்கிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். படம் என்று அவர் சொன்னது காதிலேயே ஏறவில்லை. "போடுங்கண்ணே" என்றேன்.

கல்யாணத்தன்று பாரிவாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. வாசல் ஃப்ளெக்ஸில் முதலில் கொழுகொழுவென்று ஓர் ஆடு. அதையடுத்து, "வீட்டாரை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம்." கீழே, "இப்படிக்கு, பெண் வீட்டார்."

முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் சித்தப்பா அதை உரக்கவே படித்தார்.

"ஆட்டு ஊட்டாரை மகிழ்ச்சியுடன்... இன்னாப்பா இது? எங்களப் பாத்தா ஆட்டு மந்த மாதிரி கீதா?"

பாஸ்டர் ஓடிவந்தார். "நாம எல்லாருமே கர்த்தரோட மந்தைதானே, பிரதர்!"

"அப்ப பொண்ணு ஊட்டுக்கு மட்டும் ஏன் ஆடு போடல?"

பாஸ்டர் கையிலிருந்த பைபிளைப் புரட்ட ஆரம்பித்தார். அப்பா அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். நான் ஃப்ளெக்ஸைக் கிழித்து இறக்கினேன். அந்த நேரம் பார்த்துத்தானா ஷீலாவின் கார் வரணும்! வெறும் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "எங்கேண்ணா நம்ம எழுத்து?" என்றாள். விஷயம் தெரிந்ததும் மேக்கப் கலையாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் புருஷன் ஐசக் தங்கமான மனுஷன். அன்றைக்கே சிரித்துவிட்டார். இன்றைக்கும் கறிக்கடைக்குக் கிளம்பினால், "மச்சான், ஒரு கிலோ மாப்பிள்ளை வாங்கியாந்துடறேன்" என்பார். வீடே சிரிக்கும், ஷீலாவும் சிரிப்பாள். முறைப்படி அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.

போன மாதம் ஷீலாவின் மகளுக்குப் பிறந்தநாள். ஃப்ளெக்ஸ் பேச்சு வந்ததும் நான் ஆசையாக நிமிர்ந்தேன். ஷீலா என் முகத்தைப் பார்க்காமல் பலூன் ஊதிக்கொண்டே சொன்னாள்:

"வேணாண்ணா. கடையில இருக்கற எழுத்தே போதும்."