வளரும் தலைக்கு இரண்டு அங்குலம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. தலை அதற்கு முன்பே இருந்தது. இரண்டையும் முறைப்படி சேர்த்துவைக்க ஒரு குழு வேண்டும் என்று எந்த நாகரிகத்துக்கும் தோன்றவில்லை. அரியலூர் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்குத்தான் தோன்றியது.

'மாணவர் தலைக்கவசப் பொருத்தக் குழு' பிறந்த வரலாறு சுருக்கமானது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஹெல்மெட் வாங்கித்தர, துபாயில் கடை வைத்திருக்கும் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் முன்வந்தார். ஒப்பந்ததாரர் மணிவண்ணன் குழுத் தலைவரானார். பேசாமல் உட்கார்ந்திருந்த காரணத்தால் நான் செயலாளரானேன்.

தலைகளை யார் அளப்பது? இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லர் தர்மன்தான் என்று முடிவானது. அவர் டேப்பைச் சுற்றி அளவு சொல்வார். நான் எழுதுவேன். ஏழாம் வகுப்பு கவியா வந்து நின்றாள்.

"இருபதரை. எழுதிக்கங்க சார், இருபத்திரண்டரை."

"ஏங்க ரெண்டு கூட்டுறீங்க?"

"வளர்ற புள்ளைங்க சார். இப்ப எடுத்தா மூணு வருஷம் ஓட வேணாமா? சட்டையோ பாவாடையோ, ரெண்டு இன்ச் விட்டுத்தான் எடுக்கணும். இல்லன்னா பெத்தவங்க என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

தலைக்கும் அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன். நினைத்துக்கொண்டே நூற்றுப் பன்னிரண்டையும் எழுதி முடித்துவிட்டேன்.

பெட்டிகள் வந்து இறங்கின. அவற்றோடு வந்த தாளை உடற்பயிற்சி ஆசிரியர் செபஸ்டின் குழுவில் படித்துக் காட்டினார். ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். தலையை ஆட்டினால் அசையக் கூடாது.

"ரெண்டு விரல்னா யாரு விரல் சார்?" என்றார் மணிவண்ணன்.

அறிவியல் நோக்குள்ள இந்தக் கேள்வி நாற்பது நிமிடம் விவாதிக்கப்பட்டது. தலைவரின் விரல்களே தலைமை விரல்கள் என்று மணிவண்ணன் முன்மொழிந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அமைதியை எழுதுவதற்குத் தீர்மானப் புத்தகத்தில் இடம் கிடையாது. எனவே வழக்கம்போல், 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று எழுதினேன்.

விழா சிறப்பாக நடந்தது. முதல் ஹெல்மெட்டைக் கவியாவுக்குத் தலைவரே அணிவித்தார். அது மூக்கில் வந்து நின்றது. கைதட்டல் அடங்கியதும் தலைவர் இரண்டு விரல்களை நீட்டியபடி புருவத்தைத் தேடினார்.

"புருவம் எங்கம்மா?"

"உள்ள இருக்கு சார்."

"வலப்பக்கம் திரும்பு."

கவியா திரும்பினாள். ஹெல்மெட் திரும்பவில்லை, அது நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு இடம் விட்டிருக்கோம், பாருங்க!" என்று தர்மன் பூரித்தார்.

மறுநாள் முதல் ஹெல்மெட் இல்லாமல் வருபவர்களைக் கேட்டுக்குள் விடக் கூடாது என்று உத்தரவானது. பிள்ளைகள் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்கள். சாலையில் போன வெளியூர்க்காரர்கள், பள்ளிக்கூடமே தங்களுக்கு சல்யூட் அடிப்பதாக நினைத்துப் பதிலுக்கு அடித்துவிட்டுப் போனார்கள். ஒழுக்கத்தில் எங்கள் ஊர் இவ்வளவு உயர்ந்ததை நான் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் சாலை வளைவில் கவியாவின் சைக்கிள் பள்ளத்தில் இறங்கியது. இரண்டு கைகளும் ஹேண்டில்பாருக்குப் போயின. ஹெல்மெட் கண்ணை மூடியது. கீழே விழுந்தவளுக்கும் எதிரே வந்து பிரேக் அடித்து நின்ற லாரிக்கும் நடுவில் ஒரு புத்தகப் பை அளவு இடம் இருந்தது. அந்த இடத்தை விட்டது எங்கள் குழு அல்ல, டிரைவர். மோவாயில் நான்கு தையல். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இதைச் 'சாதனைகள்' பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவசரக் கூட்டம் கூடியது. கவியாவின் அம்மா அமிர்தவல்லி, முந்திரிக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஹெல்மெட்டோடு வந்திருந்தார்.

"போட்டா கண்ணு தெரியல. போடலன்னா கேட்டுல விடல. நாளைக்குப் பரீட்சை. நான் எப்படிங்க அனுப்புறது?"

"இதுக்குப் போயி கலங்கலாமாம்மா? உள்ள ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லு" என்றார் மணிவண்ணன்.

"வெச்சேங்க. துண்டும் சேந்துதான் கண்ணுல விழுந்துச்சு."

தர்மன் பரிவோடு குறுக்கிட்டார். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா. பத்தாவது போறப்ப கச்சிதமா உக்காந்துரும்."

அமிர்தவல்லி நேராகப் போய் ஹெல்மெட்டைத் தலைவரின் தலையில் வைத்தார். வாரை மாட்டினார். புருவத்துக்கு மேலே சரியாக இரண்டு விரல்.

"தலையை ஆட்டுங்க சார்."

தலைவர் ஆட்டினார். ஹெல்மெட் இம்மியும் அசையவில்லை. குழு தொடங்கிய நாளிலிருந்து, அளவாகப் பொருந்திய முதல் ஹெல்மெட் அதுதான்.

"சாருக்கு இப்பவே சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அமிர்தவல்லி தர்மனின் பக்கம் திரும்பினார். "அந்த லாரி நிக்காம வந்திருந்தா, எம்புள்ள தலை எந்த வருஷம்ணே வளந்திருக்கும்?"

தர்மன் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தார். செபஸ்டின் ஜன்னலைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தலைவர் என்னைப் பார்த்தார்.

நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன்: 'ஒருமனதாக ஏற்கப்பட்டது.'