சம்பந்தி மேஸ்திரி கொடுத்த புங்கை

போன வாரம் எங்கள் சென்னைத் தெருவில் யாரோ பள்ளம் தோண்டினார்கள். கடப்பாரை கல்லில் இறங்கி ‘ணங்’ என்றது. கையிலிருந்த காபி பாதி வழியில் நின்றது. காதுக்குள் காஞ்சிபுரம் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே, தோளில் துண்டும் வாயில் வெற்றிலையுமாகச் சம்பந்தி மேஸ்திரியும் வந்துவிட்டார்.

பெண்ணே பெறாமல் ஊர் முழுக்கச் சம்பந்திகளைச் சம்பாதித்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

எழுபதுகளின் தொடக்கம். தெருவோரம் மரம் நட்டுக் காப்பாற்ற நகராட்சியில் ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. கடப்பாரையோடு இரண்டு ஆட்கள், ஒரு தண்ணீர் வண்டி, அதை இழுப்பதில் கொஞ்சமும் விருப்பமில்லாத ஒரு மாடு, தற்காலிக ஊழியனாக நான். மாடு உட்பட எங்கள் எல்லோருக்கும் அவர்தான் மேஸ்திரி.

வேறு மேஸ்திரி என்றால் குழி தோண்டுவார், செடி வைப்பார், பீடி பற்றவைப்பார். இவர் பெண் கொடுப்பார். வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டு வாசலில் போய் நிற்பார். கொடுப்பது வேம்பு என்றால், கொஞ்சம் கசப்பான சுபாவம், ஆனால் குடும்பத்துக்கு அடக்கமானவள் என்பார். பூவரசு என்றால், வருஷம் பூரா பூ வைத்துக்கொள்கிற பெண் என்பார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிவிட்டால் தொலைந்தார். அந்த நிமிஷம் முதல் அவர் சம்பந்தி.

சம்பந்தி வீட்டுக்கு அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் செடியின் இலையை ஆடு மேய்ந்திருந்தது. தெரு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா பதறிப்போய் டீ கொண்டுவந்தாள். “பொண்ணு பட்டினியா நின்னுக்கினு இருக்குது, நான் டீ குடிக்கணுமாமா?” என்றார். டீயைச் செடிக்கு எதிரிலேயே ஆறவிட்டார். ஆடி மாதம் வந்தால் சீர் உண்டு. மக்கிய சாணி ஒரு கூடை, மேலே மஞ்சள் குங்குமம்.

ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தண்ணீர் ஊற்றவில்லை. மேஸ்திரி வேர் மண் உதிராமல் செடியைப் பெயர்த்து வண்டியில் படுக்கவைத்து, கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனார். கேட்டவர்களுக்கெல்லாம், பொறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகப் பதில். சாயங்காலம் தலைமையாசிரியர் எங்கள் நர்சரிக்கே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, மாட்டைச் சாட்சியாக வைத்துச் சமாதானம் பேசி, பெண்ணை அழைத்துப் போனார். பிறகு அந்த ஊரில் எந்தச் செடி காயும்?

காயாத ஒன்றைத்தான் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கார முதலியார். வைகாசி உற்சவத்துக்கு முன்னால் எஞ்சினீயர் தெருவைச் சுற்றிப் பார்த்தபோது, முதலியார் வாசல் புங்கை நட்டு ஐந்தாறு வருஷத்திலேயே வீதிப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. பெருமாள் குடை இடிக்கும், எடுத்துவிடு என்றார். அது ஏன் சாய்ந்தது என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. மதியம் மதியம் போய்ப் பார்த்தவர்தானே. வெயில் தேடுகிறாள், நிமிர்ந்துவிடுவாள் என்று நம்பியிருந்தார்.

நடமாட்டம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் போனோம். வண்டியில் கோடாலி. மேஸ்திரி வாயில் வெற்றிலை இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள் அல்லவா, அதுதான். கட்ட ஒரு முளை அடிப்பது வழக்கம். முதலியாருக்குத் தினம் முளை அடிக்கச் சோம்பல். பாவின் ஒரு முனையைப் புங்கையில் கட்டியிருந்தார். அது இளங்கன்றாக இருந்த நாளிலிருந்தே. தனி இழை தலைமயிர்தான். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் காளைமாடு.

மேஸ்திரி முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“முதலியாரே, இது இன்னா?”

“பாவு.”

“பாவு தெரியுது. யாரைக் கட்டி இழுத்துக்கினு இருக்கறன்னு கேக்கறேன்.”

“மரந்தானேபா. சும்மாதானே நிக்குது.”

“காலைல முதுகு வளைய வேலை வாங்கிட்டு, மத்தியானம் நான் வந்தா, பொண்ணு நல்லா இருக்குறாள்னு சொல்லினு இருந்திருக்கறியே.”

முதலியாரின் கண் வண்டிக்குள் போயிற்று. கோடாலி எதற்கு என்று கேட்டார். நான்தான் சொன்னேன். முதலியார் சற்று நேரம் புங்கைக்கு அடியில் மின்னிக்கொண்டிருந்த தன் பட்டு இழைகளையே பார்த்தார். அந்த மரத்து நிழல் இல்லாவிட்டால் வெயில் ஏறியதும் இழை அறும். மெல்ல முடிச்சை அவிழ்த்தார். உள்ளே போய் வடக்கயிறு கொண்டுவந்து, மரத்தைத் தன் வீட்டுத் தூண் பக்கமாக இழுத்துக் கட்டினார்.

“வளைச்சது நானு. நிமித்தறதும் நானே.”

மேஸ்திரி நேரே எஞ்சினீயர் வீட்டுக்குப் போனார். உற்சவம் வரை விட்டுவையுங்கள், குடையில் ஓர் இலை பட்டாலும் அன்றைக்கே வெட்டிவிட்டு வேலையையும் விட்டுவிடுகிறேன் என்றார். எஞ்சினீயர் யோசித்தார். அவர் வீட்டு வேம்பும் மேஸ்திரி கொடுத்ததுதான். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, சரியென்று சொல்லித் தொலைக்கும்படி சொன்னாள்.

தினமும் முதலியார் கயிற்றைக் கொஞ்சம் முறுக்குவார். இழை அறாமல் இழுத்துப் பழகிய கை. கிளை முனகுவதற்கு முன்பே நிறுத்திவிடும். மரம் எழுந்தது. ஆனால் போதவில்லை.

உற்சவத்தன்று காலை மேளம் திரும்புகிறது, குடை அசைந்தசைந்து வருகிறது, கிளை இன்னும் ஒரு சாண் தாழ்ந்தே இருக்கிறது. முதலியார், அவர் பிள்ளைகள், எங்கள் ஆட்கள், நான், எல்லோரும் கயிற்றில் தொங்கினோம். மேஸ்திரி எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவரைப் போல. மெதுவா, மெதுவா என்று எங்களிடம் சொன்னாரா, மரத்திடம் சொன்னாரா, தெரியாது. குடை கிளைக்கு அடியில் புகுந்தது. மரம் ஒரு நடுக்கம் நடுங்கியது. கொத்தாகப் புங்கம்பூ குடை மேல் பொலபொலவென்று உதிர்ந்தது.

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டத்தில் நின்ற எஞ்சினீயர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “எலைன்னு சொன்னே. விழுந்தது பூ.”

அன்று மதியமே நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். சென்னையில் வேலை கிடைத்தும், இந்தக் குடைக்காகத்தான் கிளம்பும் நாளைத் தள்ளிப்போட்டிருந்தேன். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வெயில். எந்தத் தெருவிலாவது நிழல் திடீரென்று தோளில் கைபோட்டால், இதற்கும் ஒருவர் வாசல் வாசலாகத் தட்டு ஏந்தி நின்றிருப்பார் என்று நினைப்பு ஓடும். நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வேன். பார்ப்பவர்கள் மரத்தடியில் பிள்ளையாரைத் தேடுவார்கள்.

அன்று பஸ் நிலையத்துக்கு மேஸ்திரி வந்திருந்தார். என் டிரங்குப் பெட்டியை நான் தொடுவதற்குள் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டார். பஸ்ஸின் கூரை ஏணியில் ஏறி அதை வைத்துவிட்டு இறங்கினார். என் கைகளை விரித்துப் பார்த்தார். வடக்கயிறு உள்ளங்கைத் தோலை உரித்திருந்தது. மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, புங்க எண்ணெயை இரண்டு கையிலும் தடவினார். பஸ் உறுமியது. ஜன்னலோடு நாலடி நடந்து வந்தார்.

“கை ஆறற வரைக்கும் பாரம் ஏதும் தூக்காதபா.”