தண்ணி விட்ட கனகசபாபதி

பண்டத்தரிப்புத் தோட்டக்காரர் கனகசபாபதி குடியை விட்டுவிட்டார் என்பதைப் பொதுமக்களுக்குப் பணிவுடன் அறியத்தருகிறோம். ஆனால் மனைவி செல்வநாயகி நம்பவில்லை. "மறுவாழ்வுக் கந்தோர் சுகமெண்டு சொல்லட்டும். அதுவரைக்கும் படலைக்குள்ளை கால் வைக்கப்படாது!" என்று ஆளைத் தமக்கை வீட்டுக்குத் துரத்திவிட்டாள். பாவம் மனிசன்! தமக்கையின் சமையல் அப்படி.

போத்தல் பிடித்த கை சும்மா கிடக்குமா? போனைப் பிடித்தது. அதில் தோட்டம் செய்கிற விளையாட்டு ஒன்று. வெங்காயம் நட்டார், தண்ணி விட்டார், சாப்பிடவும் மறந்தார்.

கந்தோரில் உத்தியோகத்தர் துஷாந்தினி விசாரணையை ஆரம்பித்தார்.

"அண்ணை, தண்ணியை விட்டிட்டீங்களோ?"

"ஓம் மிஸ். காலமை விட்டன், மத்தியானம் விட்டன், இப்பவும் வாசலிலை நிண்டு விட்டிட்டுத்தான் வாறன்."

"மூண்டு தரம் விட்டதெண்டால் மூண்டு தரம் குடிச்சிருக்கிறியள்!"

"ஐயோ, வெங்காயத்துக்கு மிஸ்!"

"அதுக்கும் ஊத்திக் குடுத்தனீங்களோ?"

கனகசபாபதி போனைக் காட்டினார். துஷாந்தினி ஆழ்ந்து யோசித்தார்.

"எங்கடை பிரிவு திரவத்துக்கு மட்டும்தான் அண்ணை. போன் திடப்பொருள். குடிச்சிட்டு விளையாடினால் மருந்து இருக்கு. குடியாமல் விளையாடினால் விதியிலை இடமில்லை."

"அப்ப கொஞ்சம் குடிக்கட்டோ?"

"நான் சொல்லேலாது. ஆனால் எங்களுக்கு வசதி."

விடயத்தை ஆராயும் பொருட்டு துஷாந்தினி அந்த விளையாட்டைத் தன் போனில் இறக்கினார். அவரை மேற்பார்வை செய்யும் பொருட்டு மேலதிகாரியும் இறக்கினார். மேலதிகாரிக்குத் துணையாகக் கந்தோரே இறக்கியது.

அடுத்த கிழமை செல்வநாயகி புருசனை இழுத்துக்கொண்டு கந்தோரில் வந்து நின்றாள். மற்றக் கையில் கருகிய வெங்காயத்தாள்.

"குடிக்கேக்கையெண்டாலும் உந்த மனிசன் தோட்டத்துக்குத் தண்ணி விட்டது! இப்ப எல்லாம் கருகிப்போச்சு. சுகமோ இல்லையோ, ஒரு முடிவு சொல்லுங்கோ!"

கந்தோரில் ஒருத்தரும் போனை விட்டு நிமிரவில்லை. துஷாந்தினி குனிந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"முழுச்சுகம் அக்கா, கூட்டிக்கொண்டு போங்கோ. வெளிச்சத்தை மறைக்காதேங்கோ, என்ரை பூசணி வாடுது."

செல்வநாயகி எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன பிள்ளை, பூசணிக்கு இவ்வளவு கிட்டவே மிளகாய் நடுறது? தா இஞ்சை, நான் காட்டுறன்!"

கனகசபாபதி அன்றைக்கே வீடு திரும்பினார். ஒரே நிபந்தனை: அவள் சமைக்கும் நேரத்தில் அவளுடைய போனிலுள்ள பூசணிக்கும் அவர்தான் தண்ணி விடவேண்டும். சமையலுக்கு வெங்காயம் கடையில்.

இப்போது ஊரில் எல்லாரும் ஒழுங்காகத் தண்ணி விடுகிறோம். நிலம்தான் காய்ந்து கிடக்கிறது. நானென்ன செய்ய? என்ரை கத்தரியும் வாடுது, வாறன்.