மாப்பிள்ளைக்குப் பிடித்த எழுபத்தெட்டு நிமிடங்கள்

பிடிக்காத ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. சொன்னவனை நம்பி அதையே திரும்பத் திரும்பத் தருவார்கள். கத்தரிக்காய்க் கறி என்றால் விழுங்கித் தொலைக்கலாம். நான் பொய் சொன்னது டிரம்மும் கிட்டாரும் இடிபோல முழங்கும் எழுபத்தெட்டு நிமிட புரோகிரசிவ் மெட்டல் ஆல்பம் ஒன்றைப் பற்றி.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்முனையிலிருந்து கிட்டாரும் கையுமாகக் கிளம்பி, பாலமுனையில் பெண் வீட்டில் குடியேறியிருந்தேன். அந்த வீட்டில் நான் தும்மினால் மூன்று பேர் தண்ணீர் கொண்டு வருவார்கள். (அந்தக் காலம் போயே போச்சு.) அப்போதுதான் நான் நாலு வருடம் காத்திருந்த ஆல்பம் வெளிவந்தது. வெளிநாட்டு விமர்சகர்கள் எல்லாரும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நானும் ஒரு கிழமையாக மனைவி சிபானாவுக்கு அதன் மாறும் தாளங்களையும் இருபத்து மூன்று நிமிடப் பாட்டையும் பற்றி வகுப்பெடுத்தேன். கேட்கும்போது வீட்டில் ஒருவரும் கதைக்கக்கூடாது என்று அறிவித்தும் விட்டேன். மாமி கிரைண்டரை நிறுத்தினார். மீன்காரனைக்கூட வாசலிலேயே கையைக் காட்டி அனுப்பிவிட்டார். (அன்று மத்தியானம் முட்டைக் கறி.)

கேட்டேன். சப்பென்று இருந்தது. ஆளுக்காள் வித்தை காட்டினார்களே தவிர, ஒரு மெட்டாவது நெஞ்சில் ஒட்டவில்லை. அந்தப் பெரிய பாட்டின் பாதியில் கொட்டாவி விட்டேன். உலகமே மெச்சுகிறது, எனக்குத்தான் மண்டையில் ஒன்றும் இல்லையோ என்று பயம் வேறு. ஹெட்போனைக் கழற்றினால், எதிரே மாமா, மாமி, சிபானா மூவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மீனைத் தியாகம் செய்தவர்களிடம் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? கண்ணீரே வந்துவிட்டது என்றேன். (வந்தது உண்மை. கொட்டாவியால்.)

அடுத்த ஞாயிறு எல்லோருமாக வேன் பிடித்து சாகாமம் குளத்துக்குப் புறப்பட்டோம். சிபானா ஒரு பென் டிரைவை டிரைவரிடம் நீட்டி, இவருக்கு உசிரான பாட்டு, முழுசாகப் போடுங்க என்றாள். முதல் டிரம் இடித்ததும் டிரைவர் வேனை ஓரங்கட்டி எஞ்சினைப் பார்க்க இறங்கினார். மாமா யோசித்து யோசித்து, நல்ல சத்தம் என்று பாராட்டினார். மாப்பிள்ளையின் பாட்டைக் குறைக்கச் சொல்ல அந்த வேனில் யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நானோ தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் பிழையாக.

அக்கரைப்பற்றுச் சந்தியில் வேன் மாட்டிக்கொண்டபோது மாமி குமட்டலை அடக்கத் தேசிக்காயை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். ஊரைத் தாண்டியதும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வரம்பில் குனிந்து வாந்தி எடுத்தார். திரும்பி வந்து வாயைத் துடைத்தபடி என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

"பாட்டால இல்ல மகன். காலைல தின்ட கிழங்கு. நீங்க போட்டுக் கேளுங்க."

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. அந்த மனுசி எனக்காகக் கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்து கிடந்தார், நான் ஒரு ஆல்பத்துக்காக என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

குளக்கட்டில் சிபானா என்னைத் தனியாக ஓரங்கட்டினாள்.

"நீங்களும் ரசிக்கல்லத்தானே? வழியெல்லாம் உங்கட முகத்தத்தான் பார்த்துட்டு வந்தன்."

"ஓம்," என்றேன்.

"முதல் நாளே?"

"ஓம்."

அவள் ஏசவில்லை. நேரே போய், நான் பக்கத்தில் நிற்கும்போதே உம்மாவிடம் சொல்லிவிட்டாள். மாமி சோறு போட்டுக்கொண்டிருந்த அகப்பையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பிடிக்கல்லெண்டா வாயத் தொறந்து செல்லலாமே மகன். நான் உங்களுக்காகத்தானே பொறுத்துட்டு இருந்தன்."

சொல்லிவிட்டு, பெரிய கோழித் துண்டாகப் பார்த்து என் தட்டில்தான் வைத்தார்.

அன்றோடு அந்த வீட்டில் என் பாராட்டுக்கு மதிப்புப் போய்விட்டது. கறி நல்லம் என்று நான் சொன்னால், எல்லோரும் மெய்தானா என்று சிபானாவைப் பார்ப்பார்கள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கி, மாஷா அல்லாஹ், என்ன வடிவு என்றேன். மாமி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்:

"மெய்யச் செல்லுங்க மகன். ஆனா இதத் திருப்பிக் குடுக்க ஏலா."